அணியம் துள்ளுது, மகன்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இஞ்ச சுகம். அம்மாவின்ர முழங்கால் நோ கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கனடாவில, சிம்கோ ஏரியில நீ வள்ளம் ஓடுற வீடியோவை அவ அயலெல்லாம் காட்டிப்போட்டா. எல்லாரும் பேரப்பிள்ளையளைப் பார்த்தினம், நான் வள்ளத்தின்ர முன்பக்கத்தை, அணியத்தைப் பார்த்தனான். ஏரியில அலையே இல்லை, அணியம் மட்டும் எழும்புது, விழுகுது, திரும்ப எழும்புது. இஞ்சினை அளவுக்கு மிஞ்சி வெளிய தூக்கி வைச்சிருக்கிறாய்.

எங்கட 18 அடி வள்ளத்தில இஞ்சின்ர சரிவை மாத்திறதெண்டால் ஓட்டத்தை நிப்பாட்டி, 40 குதிரை இஞ்சினைத் தூக்கிப் பிடிச்சு, கம்பியை உருவி அடுத்த ஓட்டையில போடவேணும். ஆடுற கடலில ஆர் அதைச் செய்யிறது? கரையில வைச்ச படியே போய் வருவம். மிச்சத்தை வலையையும் ஆளையும் முன்னுக்குப் பின்னுக்கு மாத்திச் சரிக்கட்டுறது. உனக்கு வேகம் கூட்டிற திரொட்டில் பிடியிலேயே, பெருவிரலுக்குக் கிட்ட அதை மாத்திற சுவிச் இருக்கு. ஒருக்கா அழுத்திப்போட்டு மறந்துபோறதுக்கில்லை அது.

வெளிக்கிடேக்க இஞ்சினை முழுக்க உள்ளுக்கு, வள்ளத்தின்ர பக்கமா இறக்கு. பின்பக்கம் எழும்பி, அணியம் தாழ நிண்டு, வள்ளம் கெதியா தண்ணிக்கு மேல ஏறும். ஏறினாப் பிறகு சொட்டுச் சொட்டா வெளிய விடு. ஸ்டியரிங் கையில லேசாகும், திரொட்டிலைத் தொடாமலே வேகம் கூடும். அதுக்கு மேலயும் விட்டால் துள்ளும். அல்லது இஞ்சின் கத்தும், வேகம் வராது: புரொப்பெல்லர் காத்தை இழுக்குது. உடன கொஞ்சம் இறக்கு. இறுக்கி வளைக்க முதலும் இறக்கு.

அந்த ஏரி ஆழம் குறைவு எண்டு நீதான் சொன்னனி. எங்கட பாக்குநீரிணையும் அப்பிடித்தான். காத்து விழுந்தால் அலை குட்டையா, செங்குத்தா, கிட்டக் கிட்ட வரும். எதிர்த்துப் போகேக்க அணியத்தைத் தாழ்த்து, அதின்ர கூர் அலையை வெட்டட்டும். தூக்கி வைச்சால் அடிப்பலகை படார் படார் எண்டு அடிச்சு, பிள்ளையளின்ர முதுகுதான் நோகும்.

திரும்பி வரேக்க காத்து பின்னால. இதைத்தான் வடிவா வாசி. போகேக்க தாழ்த்தினதை அப்பிடியே விட்டிட்டு வந்தால், வள்ளம் ஒரு அலையால இறங்கி முன்னலையின்ர முதுகில மூக்கைக் குத்தும். அணியம் அங்க பிடிபட, பின்னால வாற அலை வள்ளத்தின்ர பின்பக்கத்தைச் சுழட்டிப்போடும். பக்கவாட்டில திரும்பின வள்ளம் கவிழ எவ்வளவு நேரம்? அதால அணியத்தைக் கொஞ்சம் எழுப்பி, வேகத்தைக் குறைச்சு, முன்னலையை முந்தாமல் அதின்ர முதுகிலேயே வா.

மருமகளும் பிள்ளையளும் முன்னுக்கு இருந்தால் ஒரு கணக்கு, பின்னுக்கு வந்தால் வேற கணக்கு. ஆக்கள் இடம் மாறினாலும் பெற்றோல் குறைஞ்சாலும் சுவிச்சைத் திரும்பப் பார். ஓடேக்க ஒருத்தரும் விளிம்பில இருக்கக்கூடாது.

கரைக்குக் கிட்ட இஞ்சினைத் தூக்கி மெல்ல வரலாம், ஆனால் பின்னால பீச்சுற தண்ணி நிண்டால் இஞ்சினும் சூடாகி நிண்டிடும்.

அந்தச் சிவப்புக் கயிறு கையில கொழுவியிருக்கவேணும். வீடியோவில அது ஸ்டியரிங்கில தொங்குது. நீ விழுந்தால் இஞ்சினை நிப்பாட்டத்தானே அது இருக்கு, மகன்.

அம்மா மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறா. ஆரும் வந்தால் குடுத்துவிடுறம்.

அப்பா