கால அட்டவணைக்கு முன் ஒரு கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவும் நானும் நலம். நேரமே போதவில்லை, புதிதாக ஒரு கால அட்டவணை போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த அட்டவணையை ஒரு வாரம் தள்ளிப் போடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கையிலிருந்த பணம் எதில் கரைந்தது என்று பார்க்காமல் அடுத்த மாதத்துக்கு வரவு செலவுத் திட்டம் எழுதுவது போன்ற காரியம் அது. ஆயுள் முழுவதும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இங்கே இளநிலை படித்தபோது உன் நேரத்தைக் கல்லூரியே பார்த்துக்கொண்டது. 75 விழுக்காடு வருகை, அடுத்தடுத்து உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து என்று ஏதாவது ஒன்று உன்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஜெர்மனியில் பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது என்கிறாய். மதிப்பெண் முழுவதையும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடக்கும் ஒரே தேர்வு முடிவுசெய்யும் பாடங்களும் உனக்கு உண்டு. அதனால் அக்டோபரில் ஒரு வாரம் வீணானால் அதை யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

உன் பாடத்திட்டக் கையேட்டை எடுத்துப் பார். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. ஆக 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணி. வாரத்துக்கு 4 மணி வகுப்பு என்று வைத்தாலும் 15 வாரங்களில் 60 மணிதான் ஆகிறது. மீதி 120 மணி எந்த அட்டவணையிலும் அச்சாகாமல் உன் பொறுப்பில் நிற்கிறது. இப்படி ஐந்து பாடங்கள், 900 மணி. விரிவுரை நடக்கும் வாரங்களுக்குள் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 60 மணி உழைக்க வேண்டும். மார்ச் இறுதி வரையுள்ள 26 வாரங்களுக்கும் பரப்பினால் 35 மணிக்குச் சற்றுக் குறைவாக வரும், ஆனால் தேர்வுகள் அதற்கு முன்பே வந்துவிடுவதால் உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதன்மேல் வாரம் 20 மணி கிடங்கு வேலையையும் ஏற்றிப் பார். வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்யலாம் என்று 2024 முதல் அங்கே சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உன் ஐந்து பாடங்களைப் பார்த்து எழுதவில்லை.

ஆகவே இந்த வாரம் எதையும் திருத்தாதே, எழுதி மட்டும் வை. அரை மணிக்கு ஒரு வரி போதும். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் நூலகத்தில் இருந்த மூன்று மணியும் படித்த மணியாகவே கணக்கில் ஏறிவிடும். அதனால் அப்போதைக்கப்போது எழுது. டிராமில் போன நேரம், சமைத்த நேரம், கைபேசியில் போன நேரம், என்னோடு பேசிய நேரம் (அது குறைவில்லை என்று எனக்கே தெரியும்) எல்லாம் அதில் வரட்டும்.

கூடவே இன்னொன்றும் செய். ஒரு பயிற்சித்தாளைத் தொடங்கும் முன் எத்தனை மணியாகும் என்று குறித்துக்கொள். முடித்தபின் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதைப் பக்கத்தில் எழுது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது, சராசரியாக 34 நாள்களில் என்று சொன்னார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள்களுக்கும் மேல். மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே பற்றவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. உன் கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள விகிதம் ஒன்றரையாக வந்தால், அடுத்த முறை நீ நினைக்கும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கியே அட்டவணையில் போடு. மன உறுதியைவிட இந்தப் பெருக்கலை நான் அதிகம் நம்புகிறேன்.

அட்டவணை போடும்போது வாரத்தில் ஒரு அரை நாளைக் காலியாக விடு. காய்ச்சலுக்கும் விசா அலுவலகத்துக்கும் போகும் நேரம் அதிலிருந்துதான் வர வேண்டும். பயிற்சித்தாள் கைக்கு வந்த அன்றே முதல் கணக்கையாவது போட்டுப் பார், எங்கே சிக்குகிறது என்று கெடு நாளுக்கு முந்தைய இரவில் தெரிந்து பயனில்லை. பழைய வினாத்தாள்களை மாணவர் மன்றத்தில் இப்போதே கேட்டு வாங்கி, மாதம் ஒன்றைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றாயே, அந்தக் கடைசித் தேதியை முதலில் குறி.

கிடங்கு வேலையைப் பாதியாகக் குறைப்பதா வேண்டாமா என்பதை இந்த வாரக் குறிப்பைப் பார்த்து நீயே முடிவு செய். குறைப்பதாக இருந்தால் எவ்வளவு பணம் தேவைப்படும் என்று எழுது, அப்பாவும் நானும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அம்மா