திரௌபதியின் முந்தானையும் ஓர் எலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் எதையாவது கொண்டுவந்து கதையை முடித்துவிடுகிறார்கள் என்று உங்கள் சினிமா பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

என் அப்பா தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். திருவிழா ராத்திரிகளில் தெருக்கூத்து ஆடுவார். துகிலுரிதலில் சேலை வளர்ந்துகொண்டே போகும், 'இது எப்படி?' என்று ஒருவரும் கேட்டதில்லை. கண்ணன் விரலில் ரத்தம் வந்தபோது திரௌபதி முந்தானையைக் கிழித்துக் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். பழைய கடன் அடைகிறது, அவ்வளவுதான். கர்ணனின் தேர்ச்சக்கரம் புதைவதும் அப்படித்தானே? சாபத்தை எப்போதோ வாங்கியாயிற்று.

முன்னால் வாங்கிய கடனைக் கடைசியில் அடைக்கிற இந்த வித்தை தெரிந்த படம், 2008-ல் வந்த 'அயர்ன் மேன்'. கவசத்தை மாட்டிக்கொண்டு உயர உயரப் பறக்கிற டோனி ஸ்டார்க், பனி உறைந்துபோய்க் கீழே விழுகிறான். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடைசிச் சண்டையில் வில்லனையும் அதே உயரத்துக்கு ஏற விடுகிறான் பாருங்கள், அவன் கவசமும் உறைகிறது, அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

'பிளாக் பேந்தர்' (2018) எங்கள் ஊரில் தனிக் கொண்டாட்டம். எங்கள் நாட்டு நடிகர் ஜான் கானி ராஜாவாக வந்து எங்கள் நாட்டுக் கோசா மொழி பேச, தியேட்டரே சிரித்துக் கைதட்டியது. ஆனால் சுரங்க ரயில் ஓடும்போது வைப்ரேனியம் என்கிற அவர்களுடைய அதிசய உலோகத்தை எப்படிச் செயலிழக்க வைக்கிறார்கள் என்று நாயகனின் தங்கை ஷூரி விளக்கியதுமே, "ஆயா, சண்டை இங்கேதான்" என்றான் பக்கத்திலிருந்த பேரன். பத்து வயசுதான் அப்போது. கடனை இவ்வளவு சத்தமாக வாங்கக்கூடாது.

கோபம் வருவது 1978-ன் 'சூப்பர்மேன்' மேல்தான். கிரே தெருப் பக்கம், இந்தியர்களுக்கென்று இருந்த பயாஸ்கோப்பில் பார்த்தோம். சூப்பர்மேனின் காதலி லோயிஸ் செத்துப்போகிறாள், என் அக்கா அழுகிறாள். சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறான்! மனித வரலாற்றில் கைவைக்காதே என்று அவன் அப்பா முன்பே தடை போட்டிருந்தார், சரி. ஆனால் அவனால் இது முடியும் என்று எங்கே காட்டினார்கள்? தடையை மீறியதற்கு ஒரு தண்டனையாவது உண்டா? அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காசு தண்டம்" என்றாள்.

அப்புறம் 2019-ன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்து எலி. அது தற்செயலாகப் ஒரு கருவியின் பொத்தானை மிதித்ததால்தான் வேறோர் உலகில் சிக்கிக் கிடந்த ஆண்ட்‑மேன் என்கிற நாயகன் வெளியே வருகிறான், உலகமும் பிழைக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று பேரனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "முந்தின படத்திலேயே மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்து, ஒன்றில்தான் ஜெயிக்கிறோம் என்றாரே, ஆயா. அந்த ஒன்றில்தான் எலி சரியாக மிதிக்கிறது."

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் விமர்சகருக்குத் தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள்.

— ஓர் ஆயா,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா