சுருள் கம்பி என்று விற்ற பிளக் ஒயருக்குள் கார்பன் இழை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 10 மி.மீ. பெர்ஃபாமன்ஸ் பிளக் ஒயர் செட்டில் உள்ள தயாரிப்புக் குறை, வாரண்டி மறுப்பு தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னிடம் இருப்பது 1980களின் கடைசியில் வந்த செவ்ரோலே கமேரோ. 5.7 லிட்டர் வி8 இன்ஜின், ஃபியூயல் இன்ஜெக்ஷன், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள இக்னிஷன். அதற்காக உங்களிடம் வாங்கிய பிளக் ஒயர் செட் (இக்னிஷன் காயில் உண்டாக்கும் மின்சாரத்தை ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கொண்டுபோகும் ஒயர்கள்) பற்றி ஏற்கெனவே புகார் செய்தேன். "மாட்டியதில்தான் கோளாறு" என்று ஒரே வரியில் பதில் அனுப்பி, வாரண்டியையும் மறுத்துவிட்டீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. காரணத்தை விவரமாக எழுதுகிறேன். இக்னிஷன் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பழைய ஒயர்கள் கெட்டுப்போகவில்லை. ஆனால் ரப்பர் இறுகத் தொடங்கியிருந்தது. கார்பன் உள்ளீடு கொண்ட ஒயர்களில் வயதாக ஆக மின்தடை ஏறும் என்பதால், கோளாறு வரும் முன்பே மாற்றிவிட நினைத்தேன். உங்கள் செட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெட்டியில் இருந்த ஒரு வரி: உள்ளே சுருள் கம்பி, அடிக்கு 50 ஓம். இந்த வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் இருக்கிறது. வெறும் செம்புக் கம்பி போட்ட பழங்கால ரேஸ் ஒயரை மாட்டினால் அதிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலே கம்ப்யூட்டரைக் குழப்பும். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் கார்பனைவிட மின்தடையும் குறைவு, இரைச்சலும் அடங்கும். அதற்காகத்தான் உங்கள் செட்டை வாங்கினேன்.

"இந்த மாடலுக்கு அப்படியே பொருந்தும்" என்றும் பெட்டியில் போட்டிருந்தீர்கள். பொருந்தவில்லை. வண்டிக் கம்பெனி ஒயர்களைப் பிடிக்க வைத்த கிளிப்புகள் 8 மி.மீ. ஒயருக்கானவை. 10 மி.மீ. ஒயர் அதில் உட்காராது. அதனால் பெரிய கிளிப்புகள் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. பின்பக்கம் ஒரு பிளக்குக்கு வளைந்த ரப்பர் உறை வேண்டிய இடத்தில் நேர் உறை வைத்திருந்தீர்கள். அது சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. வெப்பம் தாங்கும் கண்ணாடியிழை உறை போட்டு அதைச் சமாளித்தேன். சரி, இவ்வளவுதான் என்றால் நான் புகாரே எழுதியிருக்க மாட்டேன்.

மாட்டிய புதிதில் வண்டி நன்றாகவே ஓடியது. அப்புறம் மேட்டில் ஏறும்போதும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி முந்தும்போதும் மிஸ் அடிக்க (ஒரு சிலிண்டர் எரியாமல் தவற) ஆரம்பித்தது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) மட்டும் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்ததில் கோளாறு 4ஆம் சிலிண்டரில் என்று தெரிந்தது. அந்த ஒயரைக் கழற்றி 6ஆம் சிலிண்டருக்கு மாட்டினேன். 4க்குப் பழைய ஒயரைப் போட்டேன். இப்போது 4 சுத்தமாக எரிந்தது, 6 மிஸ் அடித்தது. பிளக்கை நான் தொடவில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொடவில்லை. ஒயர் எங்கே போனதோ அங்கே கோளாறும் போனது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இதை எழுதி அனுப்பியதற்கு, ஐடிலில் இன்ஜின் சீராக ஓடுவதால் ஒயரில் குறை இருக்க வாய்ப்பில்லை என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். இது தவறு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். ஐடிலில் த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. குறையுள்ள ஒயர்கூட அப்போது சமாளித்துவிடும். த்ராட்டிலை முழுதாகத் திறந்து பாரம் ஏற்றும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும். பிளக் ஒயர் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, ஒயர்களை நெருக்கமாக ஓட்டியதால் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் தூண்டப்பட்டிருக்கும் என்றார். இந்த இன்ஜினுக்கு அப்படி ஓர் ஆபத்து உண்மையிலேயே உண்டு, மறுக்கவில்லை. இதன் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இதில் 5உம் 7உம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவையும்கூட. அந்த இரண்டு ஒயர்களையும் ஒட்டி ஓட்டினால் 7 முன்கூட்டியே எரிந்து இன்ஜினுக்குச் சேதம் வரலாம். அதனால்தான் அந்த இரண்டையும் தனித்தனி கிளிப்பில், இடைவெளி விட்டு ஓட்டியிருக்கிறேன். படமும் அனுப்பினேன். தவிர, 4ஆம் சிலிண்டர் இருப்பது இன்ஜினின் எதிர்ப்பக்க வரிசையில். 5, 7 விவகாரத்தை அங்கே கொண்டுபோய் ஒட்டவைக்க முடியாது.

மல்டிமீட்டர் வைத்தும் அளந்தேன். அடிக்கு 50 ஓம் என்றால் இரண்டடி ஒயரில் ஏறக்குறைய 100 ஓம் வர வேண்டும். உங்கள் ஒயரில் 9,000 ஓமுக்கு மேல் வந்தது. சாதாரண கார்பன் ஒயரில் வரும் அளவு இது. மிஸ் அடித்த ஒயரோ, பிளக் பக்க முனையைக் கொஞ்சம் வளைத்தால் எந்த எண்ணையும் காட்டாது. நேராக்கினால் மீண்டும் காட்டும். இந்த அளவுகளையும் உங்களுக்கு அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை. வாரண்டி இல்லை, ஒயரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம் என்ற முடிவு மட்டும் வந்தது.

வேண்டாம் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் அந்த ஒயரை அறுத்துப் பார்த்தேன். மேலே வழவழவென்று சிவப்பு சிலிக்கோன் ரப்பர். அதன் கீழே வெள்ளையாக இன்னொரு தடித்த அடுக்கு. நட்டநடுவில் கருப்பாக ஓர் இழை, நகத்தால் சுரண்டினால் விரலில் கரி ஒட்டுகிறது. சுருளும் இல்லை, கம்பியும் இல்லை. கார்பன் ஏற்றிய கண்ணாடியிழை, அவ்வளவுதான். 10 மி.மீ. தடிமனில் பெரும்பகுதி வெறும் உறை.

அதைவிட மோசம் முனை. உறையைக் கொஞ்சம் உரித்து, இழையை மடித்து ஒயரின் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன் மேல் உலோக முனையை அழுத்திக் கவ்வ வேண்டும். அப்போதுதான் இழை இரண்டுக்கும் நடுவில் இறுகி நிற்கும். உங்கள் ஒயரில் இழை மடிக்கப்படவே இல்லை. உறையோடு சேர்த்து வெட்டி, முனையை அப்படியே சொருகி நசுக்கியிருக்கிறார்கள். இழையின் நுனி உலோகத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியை ஸ்பார்க் தாண்டித் தாண்டி இழையின் நுனி எரிந்து குழிந்துவிட்டது. உறையின் உட்சுவரில் கரிக்கோடு ஓடியிருக்கிறது. முதலில் நன்றாக ஓடிய வண்டி பிறகு ஏன் மிஸ் அடித்தது என்பதற்கு இதுதான் பதில்: எரிய எரிய இடைவெளி பெரிதாகியிருக்கிறது. மாட்டியவர் யாராக இருந்தாலும் இது நடந்திருக்கும்.

இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதன் பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்டில் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உருகவும் கூடும். கூடவே போகும் எரியாத ஆக்ஸிஜனைச் சென்சார் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது இன்னும் பெட்ரோலைக் கூட்டும். இந்தப் பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் தேடி அலைவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் வாடிக்கையாளர்களே நாங்கள்தானே.

பெட்டியில் இன்னொரு வாசகம்: குதிரைத்திறன் கூடும் என்று. நல்ல நிலையில் உள்ள இக்னிஷனில் ஒயரை மட்டும் மாற்றினால் திறன் கூடாது. காயில் உண்டாக்குவதைச் சிந்தாமல் பிளக் வரை கொண்டுபோவதுதான் ஒயரின் வேலை. அதைச் செய்தாலே எனக்குப் போதும். அதிகமாக நான் எதையும் எதிர்பார்த்து வாங்கவில்லை.

எனக்கு இதே செட்டில் மாற்று ஒயர் வேண்டாம். முழுப் பணமும் வேண்டும், நான் தனியாக வாங்கிய கிளிப்புகள், வெப்ப உறை ஆகியவற்றின் விலையும் வேண்டும். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணையும், அறுத்த ஒயரின் படங்களையும், பில் நகலையும் இணைத்திருக்கிறேன். அந்தத் தொகுதியில் விற்ற மற்ற செட்டுகளின் முனைகளைச் சோதித்து, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். சுருள் கம்பி, 50 ஓம் என்ற வாசகங்களை, அவை உண்மையாகும் வரை பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதமுள்ள ஒயர்களை வெட்டாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் எடுத்துச் சென்று எந்தச் சோதனைக்கூடத்திலும் அளந்து பார்க்கலாம்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் தாருங்கள். இரண்டு வாரத்துக்குள் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், தொகுதி எண், மின்தடை அளவுகள், படங்கள்