பற்றாளருக்குத் தையல் கடையிலிருந்து ஒரு மடல்

தருமபுரி மாவட்டத்தில் கிராம சபைக்குப் பற்றாளராக வரும் அலுவலர்களுக்கும், குறிப்பாகச் சென்ற அக்டோபர் 2 அன்று எங்கள் ஊருக்கு வந்தவருக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி தைப்பதோடு, கேட்பவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். அன்று கூட்டம் பதினொரு மணிக்கு. பதினொன்றரை வரை முப்பது பேர்கூடத் தேறவில்லை. அப்புறம் ஆள் அனுப்பி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வீடு வீடாகக் கூப்பிட்டு வந்து கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு) காட்டினார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள், தீர்மானம் வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து போனார்கள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஊராட்சிச் செயலாளரிடம் சொன்னீர்கள்: “உங்க ஊர் ஜனங்களுக்கு எதுலயுமே அக்கறை இல்லீங்களே.” பின்னாலேயே நின்றிருந்ததால் என் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

என் கடையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. உள்ளே மனு ரசீதுகள். எங்கள் கடைசித் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஏறுவதில்லை என்று மட்டும் ஆறு வருடத்தில் பதினாலு மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தவை சில, கிராம சபையிலேயே கொடுத்தவை சில. பதில் வராமல் இல்லை. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று வரும். அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டால், “இது எங்க பிரிவு இல்லை” என்று மேலே திருப்பி அனுப்புவார்கள். போன வருடம் ஓர் ஆயாவுக்கு, மனு முடித்து வைக்கப்பட்டது என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. அதை என்னிடம் வாசிக்கக் கொடுத்தபோது அவர் இடுப்பில் காலிக் குடம். வாசித்துச் சொன்னேன். சிரித்துவிட்டு, “இனி எழுத வேணாம் சாமி, பேத்தி பாவாடையத் தைச்சுக் குடு, அது போதும்” என்றார்.

அந்தப் பேத்திக்கு ஒன்பது வயது. முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கறை. எங்கள் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு இருப்பதும், அது போர் தண்ணீரில் கலந்து வருவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் உள்ளே போனால் கறை விழும், தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. நல்ல திட்டம், குறை சொல்ல வரவில்லை. காவிரித் தண்ணீர் வந்த தெருக்காரர்கள் அதை வாழ்த்தாத நாளில்லை. எங்கள் தெருவில் இன்னும் போர் தண்ணீர்தான்.

இப்போது அக்கறைக்கு வருகிறேன்.

1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடுமையான சோதனைதான். நாய்களைக் கட்டி வைத்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். சில நாய்கள் தலையால் ஒரு பலகையை முட்டினால் அதிர்ச்சி நின்றது. வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் என்ன முட்டினாலும் நிற்கவில்லை. மறுநாள் எல்லா நாய்களையும், நடுவில் குட்டையான தடுப்பு வைத்த ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். தாண்டினால் தப்பலாம். முதல் வகை நாய்கள் சட்டென்று தாண்டிவிட்டன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டு, அப்படியே படுத்து முனகிக்கொண்டு வலியை வாங்கிக்கொண்டன. இதற்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று பெயர் வைத்தார்கள். (எங்களை நாய்க்கு ஒப்பிட்டுவிட்டான் என்று ஊரில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது பெட்டியைப் பற்றி.)

படுத்துவிட்ட அந்த நாய்களை வெளியிலிருந்து பார்ப்பவர், அக்கறை இல்லாத நாய்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதே இருவரும் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், தங்கள் விளக்கத்தையே திருத்தினார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தீராத கொடுமையில் சோர்ந்து உட்காருவது மூளையின் இயல்பான பதிலாம். அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது, நாம் செய்தால் நடக்கும் என்பதைத்தான். ஒருமுறை நடந்து பார்த்த மூளை அடுத்த முறை அவ்வளவு சீக்கிரம் சோராது. படுத்துக் கிடந்த நாய்களைத் தேற்றிய விதமும் அப்படித்தான். கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தார்கள். ஒருமுறை இருமுறை அல்ல, பல முறை. பிறகுதான் அவை தாமாகத் தாண்டின.

இதை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். டேங்க் ஆபரேட்டர் தம்பி ஒருவன் மூன்று மாதம் ஒரு வேலை செய்தான். மேல்நிலைத் தொட்டியின் தூணில் சாக்பீஸால் எழுதுவான்: எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று. வராத நாளில், ‘மோட்டார் ரிப்பேர், வியாழன் வரும்’. வியாழன் வரும், சில நாள் வெள்ளி வரும். அவ்வளவுதான். முதல் மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது மாதம், எழுதிய நேரத்துக்கு அரை மணி தாமதமானால் பெண்கள் தூணுக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்கள். கேட்டால் பதில் வந்தது, சில சமயம் தண்ணீரே வந்தது. அந்த வருட மே 1 கிராம சபைக்கு அந்தப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். அப்புறம் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தூணுக்கு வெள்ளையடித்தார்கள். அதில் கிறுக்கக் கூடாது என்று தம்பிக்குத் திட்டும் விழுந்தது. ஆகஸ்ட் 15-க்கு மறுபடி ஆள் அனுப்பித்தான் கோரம்.

இந்த மண்ணுக்கே சுரணை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரூர் பக்கம் வாச்சாத்தியும் இந்த மாவட்டம்தான். 1992 ஜூனில் அரசு ஆட்களே புகுந்து சூறையாடிய ஊர் அது. 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011-இல், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம் அந்த ஊர்ப் பெண்கள் நீதிமன்றப் படியை விடவில்லை. கூட நிற்கச் சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள், இடையிடையே ஒரு படியாவது ஏறியது கண்ணுக்குத் தெரிந்தது.

2025 ஜனவரியோடு எங்கள் ஊராட்சி மன்றத்தின் காலமும் முடிந்து பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. சண்டை போட ஒரு தலைவர் இருந்ததும் போயிற்று. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும் முன்பு, போன கூட்டத்தின் தீர்மானங்களை வாசியுங்கள். ஒவ்வொன்றும் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது, இன்ன காரணம் என்று சொல்லுங்கள். கடைசித் தெரு மேடாக இருப்பதால் தண்ணீர் ஏறாது என்றால் அதையே சொல்லுங்கள். வேறு வழி கேட்க எங்களுக்குத் தெரியும். அப்புறம், அந்தத் தூணில் மறுபடி சாக்பீஸால் எழுத அந்தத் தம்பிக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள்.

கூட்ட நாளில் பத்து மணிக்கே வந்தால் கடைக்கு வாருங்கள், டீ சொல்கிறேன். டின்னை எடுத்து வைத்திருப்பேன். ஆயாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லவில்லை.