சைடு என்று முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் பக்கத்தில் சி-ஐ-டி-இ என்ற நான்கு எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு தொகுத்திருந்தீர்கள். பாலக்கோட்டில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டியலில் பாதிச் சொற்கள் என் அலமாரியில் பாட்டிலாகவும் டப்பாவாகவும் நிற்பவை. வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். முழுக்கப் படித்த பிறகு ஒட்ட மனம் வரவில்லை.

பெஸ்டிசைடு, இன்செக்டிசைடு, ஃபங்கிசைடு, ஹெர்பிசைடு என்று வரிசையாக வந்து, அதே மூச்சில் டிசைடு, கோயின்சைடு இரண்டையும் சேர்த்திருக்கிறீர்கள். கடைசி நாலு எழுத்து ஒன்றுதான், சரி. எட்டாவது படிக்கிற பிள்ளை இதை என்ன செய்யும்? ஒவ்வொன்றாக உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். அந்த வாலுக்கு என்ன பொருள் என்று ஒரு வரி போட்டிருந்தால் முக்கால்வாசிச் சொற்களுக்குப் பொருளே எழுத வேண்டியிருந்திருக்காது.

லத்தீனில் 'கைதெரே' என்றால் வெட்டுவது, கொல்வது. சைடு என்ற வால் அங்கிருந்து வந்தது. நம் களைக்கொல்லியில் வருகிற 'கொல்லி' செய்யும் வேலைதான் அதற்கும். எதைக் கொல்கிறது என்பதை முன்பாதி சொல்லிவிடும். ஃபங்கஸ் பூஞ்சாணம், ஹெர்பா புல்பூண்டு, ரோடன்ட் கொறிக்கிற எலி, நெமடோடு தக்காளி வேரை முடிச்சு முடிச்சாக்கும் நூற்புழு. உங்கள் வெளிநாட்டுச் செய்திகளில் அடிபடும் ஜெனோசைடும் இப்படி ஒட்டுப்போட்ட சொல்தான். இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இந்த வாலைச் சேர்த்து, 1944இல் ராபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் உருவாக்கினார்.

டிசைடும் இதே வேர்தான், ஆனால் வெட்டுகிற பக்கம். இழுத்துக்கொண்டே போகாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிப்பது. கோயின்சைடு மட்டும் வேற்றாள். அது 'கதெரே', அதாவது விழுவது என்ற வேரில் பிறந்தது. இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுவதைச் சொல்கிறது. இன்சிடென்ட், ஆக்சிடென்ட் எல்லாம் அதன் பங்காளிகள். தொப்பூர் கணவாய் வழியாகப் போய்வருகிற எங்களுக்கு ஆக்சிடென்டுக்குப் பொருள் சொல்லவே வேண்டாம். பென்னாகரம் பக்கத்து இலையுதிர் காடுகளைப் பாடப்புத்தகம் டெசிடுவஸ் என்கிறதே, அதுவும் விழுகிற கூட்டம்தான்.

பட்டியலின் முதல் சொல்லாகத் தற்கொலையைப் போட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் படிக்கிற பக்கம். அகர வரிசையிலும் அது முதலில் வராதே.

வெறும் சொல்தானே, இதற்கு ஒரு கடிதமா என்று கேட்கலாம். எங்கள் பகுதியில் தக்காளி போடாத ஊர் குறைவு. அப்பா வயலில் இருப்பார். பையன்தான் ஒரு இலையைக் கேரிபேகில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவான். இலையைத் திருப்பினால் அடியில் மெல்லிய நூலாம்படை, நடுவே ஊசிமுனை அளவில் சிவப்பாக ஏதோ நகரும். சிலந்திப்பேன். பையன் கேட்பது இன்செக்டிசைடு. இன்செக்ட் என்ற சொல்லுக்கே வெட்டுப்பட்டது என்று பொருள்: தலை, மார்பு, வயிறு என்று உடம்பு மூன்றாகப் பிரிந்து ஆறு காலோடு இருக்கும். பேனுக்கு எட்டுக் கால், அது சிலந்தி வகை. பல பூச்சிமருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. சில மருந்துகள் பேனைத் தின்கிற நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடுவதால் பேன் இன்னும் பெருகும். அதற்கு வேண்டியது மைட்டிசைடு. சில லேபிளில் அகாரிசைடு என்று இருக்கும்.

இதைவிட மோசம் ஹெர்பிசைடு. ஹெர்பல் சோப்பு, ஹெர்பல் எண்ணெய் என்று பழகிய கண்ணுக்கு அது மூலிகை மருந்தாகத் தெரிகிறது. 'கெமிக்கல் வேணாங்க, இதையே குடுங்க' என்று களைக்கொல்லியைக் காட்டிக் கேட்டவர்கள் உண்டு. பாட்டிலில் இருக்கும் வண்ண முக்கோணமும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அது காட்டுவது நஞ்சின் கடுமையை மட்டும்தான். பச்சை என்றால் நஞ்சு குறைவு, இயற்கை மருந்து என்று அர்த்தமில்லை. எதைக் கொல்லும் என்பதை அந்த நீளமான ஆங்கிலச் சொல்லின் முன்பாதிதான் சொல்கிறது.

அடுத்த வாரம் ஐ-டி-இ என்று முடியும் சொற்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். பிரைடு, கைடு, ஹைடு இவற்றோடு ஃப்ளோரைடு, குளோரைடு, ஆக்சைடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட வேண்டாம். பின்னவை வேதியியல் வால். ஒரு தனிமம் இன்னொன்றோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது. ஃப்ளோரைடு எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்லில் படிந்த பழுப்புக் கறையாகத் தெரிந்த சொல். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து காவிரித் தண்ணீர் கொடுக்கிறார்கள். அந்தப் பாதிப்புக்குப் பெயர் ஃப்ளோரோசிஸ். ஓசிஸ் என்ற வால் நோய் நிலையைக் காட்டும், டியூபர்குளோசிஸ் மாதிரி. ஐடும் ஓசிஸும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் தருமபுரிப் பிள்ளைகள் ஒரு தடவைக்கு மேல் படிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், ரோஸ் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அச்சடிப்பதையும் விட்டுவிடுங்கள். கடை வெளிச்சத்தில் எழுத்தே தெரியவில்லை. வேர்ச்சொல்லோடு பட்டியல் வந்தால் சுவரில் இடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
உரக்கடைக்கார வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.