மேட்டுத் தெருவின் நன்றி மடல்

வார்டு மெம்பர், பஞ்சாயத்து ஊழியர்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார், கீழத்தெரு சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் இப்போது தண்ணீர் விழுகிறது. பட்ட பாடு ஊருக்கே தெரியும், விட்டுவிடுவோம். பம்ப் ஆபரேட்டர் அண்ணனைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

கிராம சபைக்கு முந்தின வாரம், யாரும் கூப்பிடாமலே, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டியூப் லெவலோடு (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வந்து நின்றார். வால்வு திறந்து மூடுவதுதான் அவர் வேலை, இது இல்லை. டேங்கிலிருந்து தெருக்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் மட்டம் பிடித்தார். டியூபில் ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லுமாம். டேங்கின் அடியை விடக் கீழத்தெரு 11 மீட்டர் தாழ்வு, மேட்டுத் தெருக்கோடி வெறும் 4 மீட்டர். ஒரே லைனில் கீழே எல்லாக் குழாயும் திறந்திருந்தால் அழுத்தம் அங்கேயே தீர்ந்துவிடும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் இந்த மழை குறைந்த கிழக்கு ஓரத்தில் தண்ணீர் வரவில்லை என்றாலே போர்வெல் கேட்பதுதான் வழக்கம். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

"குடிநீர் வசதி வேண்டும்னு மட்டும் எழுதினா ஓவர்சியர் எதை வெச்சு எஸ்டிமேட் போடுவார்?" என்று கேட்டு, கிராம சபையில் வைக்கும் கோரிக்கையின் வாசகத்தையும் அவரே சொன்னார்: டேங்கிலிருந்து தனி லைன், தனி கேட் வால்வு, 63 எம்எம் பிவிசி 210 மீட்டர், அதாவது 6 மீட்டர் பைப் 35, கோயில் மேட்டில் காற்றை வெளியே விட ஒரு ஏர் வால்வு. செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது ஏர் வால்வைத்தான். அது இல்லாவிட்டால் மேட்டில் காற்று தங்கி பாதிப் பைப்பை அடைத்துக்கொள்ளும். இந்த அளவெல்லாம் கிராம சபை மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொன்னதும் அவர்தான்.

மலையாளத்தில் எழுதிய மினிட்ஸைத் தமிழில் வாசித்துக் காட்டிய கோஆர்டினேட்டர், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டால் கோரம் இல்லை, கூட்டம் செல்லாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிய குடும்பஸ்ரீ, மூன்றடிக் குழி வெட்டிய பிள்ளைகள், பசை காய ஒரு நாள் விட்டு, தண்ணீர் ஓட்டி ஜாயின்ட் பார்த்த பிறகே மண் மூட விட்ட பிளம்பர், காலையில் முதல் ஒரு மணி நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த கீழத்தெரு, எல்லோருக்கும் நன்றி.

மேட்டுத் தெருவில் எந்த வீட்டிலும் லைனில் நேராக மோட்டார் போட மாட்டோம். ஒரு மோட்டார் இழுத்தால் அதற்கப்பால் உள்ள வீடுகள் காய்ந்துவிடும். வேண்டியவர்கள் தரைத்தொட்டியில் பிடித்து அங்கிருந்து ஏற்றிக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்குள் அடுத்த கிராம சபை வரும். தெருவிளக்குக்குக் கம்பத்து எண்ணோடும், ஓடைப் பாலத்துக்கு நீள அகலத்தோடும் வருகிறோம்.

இப்படிக்கு,
மேட்டுத் தெரு வீட்டார்