மகளிர் சங்கம் – செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவி அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இயங்கும் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எல்லாரும் காத்திருப்பது ஜாம் கதைக்குத்தான் என்று தெரியும், வந்துவிடுகிறேன்.

மே மாதம் பங்கனப்பள்ளி விலை இறங்கியதும் ஜாம் போட்டு விற்கத் தீர்மானித்தோம். ‘நறுக்கிய மாம்பழம் 4 கப், சர்க்கரை 3 கப்’ என்பது செய்முறை. நறுக்குவானேன் என்று பழத்தை மிக்ஸியில் அடித்து, கூழாக 4 கப் அளந்து ஊற்றினோம். யோசனை என்னுடையது, மினிட் புத்தகத்திலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. பத்தாம் நாள் ஒரு உறுப்பினர் வீட்டில் பாட்டிலைத் திறந்தால் சோடா மாதிரி ‘புஸ்’. மேலே நுரை, கள் வாடை. விற்றதற்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

மளிகைக் கடைக்காரரிடம் மின் தராசை இரவல் வாங்கி நிறுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நறுக்கிய மாம்பழம் ஒரு கப் சுமார் 165 கிராம். துண்டுகளுக்கு இடையே காற்று. கூழில் அந்தச் சந்து கிடையாது, ஒரு கப் 250 கிராமை நெருங்குகிறது. ஆக 660 கிராம் போட வேண்டிய இடத்தில் ஒரு கிலோ பழம். சர்க்கரையோ அதே 3 கப், அதாவது 600 கிராம். ஜாமில் கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம் ஜாம் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை, அதனால்தான் புளித்துவிட்டது. இன்னொன்று: ஒரு கிலோ பங்கனப்பள்ளியில் தோல், கொட்டை போக எங்களுக்குத் தேறியது 650 கிராம் சதைதான். பழம் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் வாழைப்பழத்தை வைத்துச் செய்து காட்டினோம். வில்லை போட்டால் கப்புக்கு 150 கிராம், மசித்தால் 225. நம்பாதவர்கள் மசித்ததைத் தின்றும் பார்த்தார்கள். டிசம்பர் கேக்குக்கு உலர்திராட்சை அளந்தபோதும் இதே கூத்து: சும்மா கொட்டினால் 145, அழுத்தினால் 165.

கப்பிலும் ஒற்றுமை இல்லை. அமெரிக்கக் கப் 237 மில்லி. கடையில் விற்கிற செட்டில் 250 மில்லியும் உண்டு. வீட்டு டம்ளரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூத்த உறுப்பினர் ஒருவர், “எட்டு ஆழாக்கு ஒரு படின்னு கணக்கா இருந்தோம், தலைதட்டி அளப்போம். நீங்கதான் கப்புன்னு ஆரம்பிச்சீங்க” என்றார். அவருடைய பித்தளை ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி நிறுத்தோம்: ஆழாக்கின் எடை போகத் தண்ணீர் 170 கிராம், ஆக 170 மில்லி. உங்கள் வீட்டு டம்ளரின் கொள்ளளவையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த அளவு தண்ணீருக்கு, பழத்துக்கு அல்ல.

இனி சங்க வேலைக்குப் பழம், சர்க்கரை இரண்டையும் நிறுத்தே போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, சொந்தமாக ஒரு மின் தராசு வாங்கினோம். பொங்கலுக்கு முன் அதை வீட்டுக்கு எடுத்துப்போனவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கவும். பேட்டரியோடு.

நன்றி.
செயலாளர்